இடத்தைத் தேடாதீர்கள், மாதத்தைத் தேடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் வந்துவிட்டால் வீட்டில் முதல் மாதம் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். பழைய பாட்டுகள், பிள்ளைகளின் பரீட்சை ரிசல்ட், சொந்த வீடு சாட்டிலைட் படத்தில் எப்படித் தெரிகிறது என்பதெல்லாம் பார்த்து முடித்த பிறகு, "எங்கேயாவது போய் வரலாமா?" என்ற பேச்சு வரும். உடனே சர்ச் பாக்ஸில் ஊர்ப் பெயரை டைப் செய்து, இமேஜஸ் என்ற டேபைக் கிளிக் செய்வோம். நீலக் கடலும் வெள்ளை மணலும் திரை முழுக்க விரியும். ஒரு படத்தைப் பிடித்துப்போய், லாட்ஜை புக் செய்துவிட்டு, திட்டம் முடிந்தது என்று எழுந்துவிடுவோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஆறு வருடமாகச் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன் நான். அப்படிப்பட்டவன் போட்ட திட்டம் பாம்பன் பாலத்தைத் தாண்டுவதற்குள் உடைந்து போனது. அதே பயணத்தை, 61 வயதில் தன் முதல் கம்ப்யூட்டரை வாங்கிய என் அப்பா சரியாகத் திட்டமிட்டார். அவர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பதல்ல காரணம். அவர் கம்ப்யூட்டரிடம் கேட்ட கேள்வி வேறு. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் பரமக்குடி. அப்பா அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பலனோகிளாசஸ் என்ற புழு போன்ற கடல் பிராணியைப் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தியவர். முதுகெலும்பு இல்லாதவற்றுக்கும் உள்ளவற்றுக்கும் நடுவில் வைத்துப் பேசப்படும் இந்தப் பிராணிக்குப் பெயர் பெற்ற இடம், பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள குருசடைத் தீவு. உயிரியல் படித்தவர்கள் அதைச் சொர்க்கம் என்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் எட்டிவிடும் தூரம். ஆனால் அப்பா ஒரு முறைகூடப் போனதில்லை. ஓய்வு பெற்ற வருடம் ஜூலை மாதத்தில், நான் அவரை அழைத்துப் போவதாகச் சொன்னேன்.

இணையத்தில் பார்த்த படங்களில் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. படகின் அடியில் பவளப் பாறை தெரிந்தது. போதாக்குறைக்கு, 'தீவு நுழைவு பாஸ்' என்று ஒரு இணையதளம் 1,800 ரூபாய் கேட்டது. அரசு முத்திரை மாதிரி ஒன்று மேலே ஒட்டியிருந்தது. யோசிக்காமல் கட்டினேன்.

குந்துகால் படகுத் துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். விவேகானந்தர் 1897-ல் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து இறங்கிய அதே இடம்தான். நினைவு மண்டபம் இருக்கிறது. படகு இல்லை. காற்று முகத்தில் மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. என் பாஸின் பிரிண்ட் அவுட்டைப் பார்த்த ஊழியர், "இது எங்களுடையது இல்லை தம்பி. ஆடிக் காற்றில் யார் படகு விடுவார்கள்?" என்றார்.

அன்று மாலை பாம்பன் சாலைப் பாலத்தில் திரும்பி வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். "தம்பி, இந்தப் பக்கம் பார். இப்ப அந்தப் பக்கம் பார்" என்றார். தெற்கே மன்னார் வளைகுடா நுரை தள்ளிக்கொண்டிருந்தது. வடக்கே பாக் நீரிணை குளம் மாதிரிக் கிடந்தது. ஒரே பாலம், ஒரே நேரம், இரண்டு கடல். அந்த வடக்குக் கடலில், தொண்டிக்குப் போகும் வழியில், காரங்காடு என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகிலும் கயாக்கிலும் போய் வரலாம். வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து 2017 முதல் நடத்துகிறார்கள். அன்று நாங்கள் அங்கே போயிருக்கலாம். எனக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு படம்தான்.

அந்தப் படம் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ எடுத்ததாக இருக்க வேண்டும். படத்துக்குக் கீழே மாதம் போட்டிருக்கவில்லை.

படத்தில் இல்லாத ஒன்று

இணையத்தில் சுற்றுலாப் படங்களுக்கு உள்ள பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. இடம் எங்கே என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. மலைக்கோட்டைக்கோ மகாலுக்கோ போகிறவர்களுக்கு இது பெரிய நஷ்டமில்லை. கல் எந்த மாதமும் கல்தான். கடல், காடு, பறவை என்று போகிறவர்களுக்கு மாதம்தான் எல்லாம்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் கென்யாவின் மசாய் மாரா புல்வெளிக்குப் போய் வந்தார். ஆறு மாதம் திட்டம் போட்டார். முதலில் அவர் பார்த்தது ஹோட்டலை அல்ல. வில்டிபீஸ்ட் மந்தைகள் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மாரா ஆற்றைக் கடந்து வரும் ஜூலை முதல் அக்டோபர் வரை உள்ள காலத்தைத்தான். லீவை அதற்கேற்பப் போட்டார். ஆப்பிரிக்கா என்றால் மாதம் பார்க்கிறோம். ராமேஸ்வரம் என்றால் லாங் வீக்கெண்ட் பார்க்கிறோம். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கடல் நம் லீவுக்கு ஒத்துழைக்குமா?

இந்தக் கரையின் கணக்கு உண்மையில் எளிது. கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து மண்டபம் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மண்டபமும் ராமேஸ்வரம் தீவும் ஒரு மெல்லிய வரப்பு மாதிரி கிழக்கே நீண்டிருக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. தனுஷ்கோடிப் பக்கத்தில் இவற்றை ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. மேற்கிலிருந்து அடித்தால் கச்சான் என்பார்கள். அப்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், வரப்புக்கு வடக்கே உள்ள கடல் அடங்கியிருக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடை. அப்போது வடக்குக் கடல் முரண்டு பிடிக்கும், தெற்கு ஓரளவு அடங்கும். நடுவில் பிப்ரவரி முதல் ஏப்ரல் முற்பகுதி வரை, பெரும்பாலான நாட்களில் இரண்டு பக்கமும் அமைதி. பெண் கடல் என்ற பெயரை நம்பி டிசம்பரில் வடக்கே இறங்கினால் என்ன ஆகும் என்று மீனவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இதைக் கடற்கரையில் பிறந்த பத்து வயதுப் பையனும் சொல்வான். இணையத்தில் 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று எழுதுகிறவர்கள் சொல்வதில்லை.

அப்பாவின் எக்ஸெல் ஷீட்

ஊர் திரும்பிய பிறகு அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். "அடுத்த தடவை நான் பார்த்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் வலித்தது. ஆனால் அவர் செய்ததைப் பார்த்தபோது, இதைப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லோரும் செய்யலாமே என்று தோன்றியது.

முதலில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தார். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸை இலவசமாக டவுன்லோட் செய்து அதில் உள்ள கால்க் என்பதைப் பயன்படுத்தலாம். இடது ஓரத்தில் பன்னிரண்டு மாதங்கள். மேலே தென்கடல், வடகடல், பறவை, கூட்டம் என்று தலைப்புகள். ஃபார்முலா எதுவும் இல்லை. செல்லுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு கலர் மட்டும். பள்ளிக்கூட டைம் டேபிள் போட்டுப் பழகிய கை.

பறவைக் காலத்தை நிரப்ப, ஈபேர்டு என்ற இணையதளத்தைக் காட்டிக் கொடுத்தேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் நடத்துவது. உலகம் முழுக்கப் பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைத் தேதியுடன் பதிவு செய்கிறார்கள். ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், எந்தப் பறவை எந்த வாரத்தில் எவ்வளவு அடிக்கடி பதிவாகிறது என்று பட்டை பட்டையாகக் காட்டும். படம் சொல்லாத மாதத்தை இந்தப் பட்டை சொல்லிவிடுகிறது. தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் வருவது குளிர்காலத்தில். 2025 ஜூனில் தமிழக அரசு அங்கே சுமார் 524 ஹெக்டேரைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. செய்தியைப் படித்துவிட்டு அந்த ஜூனிலேயே கேமராவோடு கிளம்பியவர்களை எனக்குத் தெரியும். மணலைப் படம் எடுத்து வந்தார்கள். மாவட்டத்தின் உள்பக்கத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று பறவைக் கண்மாய்கள் இருக்கின்றன. நான்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. ஆனால் கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான் பறவை. மழை பொய்த்த வருடத்தில் ராம்சார் என்ன, ராமரே சொன்னாலும் வராது.

கூட்டம் என்ற தலைப்பு அப்பாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் அதிகமாக வற்றும், அதிகமாகப் பெருகும். கரையோர உயிரினங்களைப் பார்க்க, நன்றாக வற்றும் நேரம் வேண்டும். ஆனால் தை அமாவாசை, ஆடி அமாவாசையில் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது; லாட்ஜ் வாடகை ஏறிவிடும். ஆகவே பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் என்று முடிவு செய்தார். தைப்பூசமும் பௌர்ணமியில்தானே வரும் என்று கேட்டேன். "அந்தக் கூட்டம் பழனிக்குப் போயிரும்" என்றார். இந்தக் கணக்கு எந்த இணையதளத்திலும் இல்லை. வீட்டு காலண்டரில் இருந்தது.

நவம்பர், டிசம்பர் முழுக்கச் சிவப்பு. காரணம் கேட்கத் தேவையில்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போனது. பயணிகளோடு ஒரு ரயிலும் போனது. அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால், 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நினைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அதைச் சிவப்பாக்கவில்லை. "மீன் விலை கூடும், அவ்வளவுதான்" என்று ஓரத்தில் எழுதி வைத்தார்.

அறுபது நாளும் ஐந்து நாளும்

இங்கேதான் உண்மையான சிக்கல் வருகிறது. ரயிலில் முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாள் முன்னால் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வண்டிக்கு, அதுவும் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, முதல் சில நாட்களிலேயே டிக்கெட் போட்டுவிடுவது நல்லது. ஆனால் காற்றைப் பற்றி நம்பிக்கையாகச் சொல்ல முடிவது நான்கைந்து நாட்களுக்குத்தான். அறுபது நாளைக்கு முன் வாங்கும் டிக்கெட்டையும் ஐந்து நாளைக்கு முன் தெரியும் காற்றையும் எப்படிச் சேர்ப்பது?

என் பதில் இது. டிக்கெட்டை மாதத்தை நம்பிப் போடுங்கள். கடலை ஐந்து நாளைக்கு முன் முடிவு செய்யுங்கள். அதற்குத் திட்டத்தில் இரண்டு கடலும் இருக்க வேண்டும். தெற்கு ஒத்துவராவிட்டால் வடக்கு. இரண்டும் ஒத்துவராவிட்டால் கண்மாய். ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ தங்கினால் எந்தப் பக்கமும் போகலாம். ராமேஸ்வரத்தில்தான் தங்குவேன் என்றால், காரங்காட்டுக்கு ராமநாதபுரம் வரை திரும்பி வந்து மேலே போக வேண்டும்.

காற்றைப் பார்க்க இரண்டு இடங்கள் போதும். ஒன்று இன்காய்ஸ். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையம், 1999-ல் தொடங்கப்பட்டது. அலை உயரம், காற்று, நீரோட்டம், பேரலை எச்சரிக்கை எல்லாம் தருகிறார்கள். மீனவர்களுக்காகச் செய்வது, நாமும் பார்க்கலாம், காசு கிடையாது. மற்றொன்று விண்டி. காற்று ஓடுவதைத் திரையில் கோடு கோடாகக் காட்டும். இதில் ஒரு வசதி உண்டு. ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே மாதிரி சொன்னால் ஓரளவு நம்பலாம். ஒன்று கிழக்கே என்றும் மற்றொன்று வடக்கே என்றும் சொன்னால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். வேகம் நாட் என்ற அளவில் இருந்தால் குழம்ப வேண்டாம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். அப்பா 15 நாட்டுக்கு மேல் என்றால் சிவப்பு என்று வைத்துக்கொண்டார். அது எங்கள் வீட்டுக் கணக்கு. படகு விடுவதும் நிறுத்துவதும் வனத்துறையின் முடிவு. அங்கே போய் வாதாடக் கூடாது.

இணையப் பக்கங்களின் வயதைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். கூகுளில் தேடிய பிறகு டூல்ஸ் என்பதைக் கிளிக் செய்தால் எனி டைம் என்று ஒரு பட்டியல் வரும். அதில் கடந்த ஒரு மாதம் என்று தேர்ந்தெடுத்தால் பழைய குப்பை பாதி போய்விடும். மேப்பில் படகுத் துறையின் ரிவ்யூக்களை நியூவஸ்ட் என்று வரிசைப்படுத்தினால், போன வாரம் போனவர் "படகு இல்லை, திரும்பி வந்தோம்" என்று திட்டியிருப்பது முதலில் தெரியும். ஐந்து நட்சத்திரத்தைவிட அந்தத் திட்டு நமக்கு உபயோகமானது.

இப்போது எல்லோரும் ஏ.ஐ.யிடம் கேட்கிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் திட்டத்தை இரண்டு விநாடியில் கொடுத்தது. காலையில் குருசடை, பத்தரை மணிக்குக் காரங்காட்டில் கயாக். தமிழ் நன்றாக இருந்தது. நடுவில் ஓட வேண்டிய சாலையையும், எந்த மாதம் என்ற கேள்வியையும் விட்டுவிட்டது. "ஜூலையில் போகிறேன்" என்று நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. கேள்வியில் மாதத்தைச் சேர்க்காவிட்டால் பதிலிலும் மாதம் வராது. இது அந்தச் சாஃப்ட்வேரின் குறை மட்டுமல்ல, கேட்கும் நம் குறையும்தான்.

பணம் கட்டும் விஷயத்தில் ஒரே வார்த்தை. போனில் விசாரிக்காமல் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் இது. நான் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டேன். 1,800 திரும்பவில்லை.

யாருடைய இடம்?

இப்படியெல்லாம் பார்த்துப் போவது நம் வசதிக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை சுமார் 160 கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கும் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வான் தீவு தேய்ந்துகொண்டே வருகிறது. கூகுள் எர்த் ப்ரோவை இன்ஸ்டால் செய்து, மேலே உள்ள கடிகாரப் பட்டனைக் கிளிக் செய்து, வருடத்தைப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். அரிச்சல்முனையின் மணல் நாக்கு வருடத்துக்கு ஒரு வடிவத்தில் இருக்கும். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதையே செய்துகொண்டிருந்தார். கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த 2010, 2016 வருடங்களை இந்தப் படத்தில் பார்க்க முடியாது. அது தண்ணீருக்கு அடியில் நடந்தது.

அதனால்தான் எல்லாத் தீவுக்கும் போக முடியாது, போகவும் கூடாது. "நூறு ரூபாய் அதிகம் கொடுங்க, பக்கத்துத் தீவுல இறக்கி விடுறேன்" என்று யாராவது சொன்னால் இறங்காதீர்கள். பவளம் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஒரு துண்டை எடுத்து வந்து டி.வி. மேல் வைத்தாலும் குற்றம்தான். குந்துகாலுக்குப் பக்கத்தில் உள்ள சின்னப்பாலம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவர்கள். பூங்கா வந்த பிறகு அவர்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. அவர்களே கூடிப் பேசி, எடுக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் ஸீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் பரிசு கிடைத்தது. பிழைப்புக்காகப் போகிறவரே நாள் கணக்குப் பார்க்கும் கடலுக்கு, வேடிக்கை பார்க்கப் போகும் நாம் நினைத்த நாளில் போவேன் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காரங்காடு மாதிரி, கட்டணத்தில் கிராமத்துக்கும் பங்கு போகும் இடத்தை நான் முதலில் தேர்ந்தெடுப்பேன்.

இன்னொரு சின்ன விஷயம், இது கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதே. செல்போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் ஜி.பி.எஸ். எண்ணாகப் பதிந்திருக்கலாம். ஆமை முட்டையிட்ட இடத்தையோ பறவைக் கூட்டையோ படம் எடுத்து அப்படியே பலருக்கும் அனுப்பினால், முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போய், டீட்டெய்ல்ஸ் டேபின் அடியில் உள்ள ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் என்ற வரியைக் கிளிக் செய்யுங்கள். இடத்தை நீக்கிவிட்டு அனுப்பலாம். ஆனால் மாதத்தைப் படத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்து பார்க்கிறவர் என்னைப் போல ஜூலையில் போய் நிற்காமல் இருப்பார்.

பிப்ரவரியில் போனோம். டிக்கெட் அப்பாவே போட்டார். ஐந்து நாளைக்கு முன் இரண்டு மாடலும் காற்று குறைவு என்றன. அதோடு விடாமல் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தார். "முந்தின நாள் சாயந்திரம் ஒரு தடவை கூப்பிடுங்க சார்" என்றார்கள். முந்தின நாள் சாயந்திரமும் கூப்பிட்டார். இன்காய்ஸ் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை யாரும் கேட்கவில்லை.

குருசடையில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. படங்களில் பார்த்த அளவுக்கு நீலமில்லை. வரும் வழியில் பார்த்த பவளத்தில் பாதி பழுப்பு, பாதி செத்த வெள்ளை. அப்பா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. கரையோர ஈர மணலில் சுருள் சுருளாகக் குவிந்து கிடந்த மண்ணைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். மணலுக்குள் வளை தோண்டி வாழும் பிராணி வெளியே தள்ளும் மண். பலனோகிளாசஸும் இப்படித்தான் தள்ளும்.

"அதுதானாப்பா?" என்று கேட்டேன்.

"அதுவாவும் இருக்கலாம், வேற புழுவாவும் இருக்கலாம். தோண்டினாத்தான் தெரியும்."

கூட வந்த ஊழியர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தச் சுருள்களை மிதிக்காமல் சுற்றிப் போனார்.